விரல் மேல் விரல்: சிலிக்கான் துண்டு வாங்குமுன்

கேள்வி: எங்கள் பெண் குழந்தைக்கு ஆறு மாதம். இடது காலின் சுண்டு விரல் பக்கத்து விரல் மேல் ஏறிப் படுத்திருக்கிறது. குழந்தைகளுக்கென்றே சிலிக்கான் டோ செபரேட்டர், அதாவது விரல்களைப் பிரித்து வைக்கும் துண்டு, இணையத்தில் விற்கிறார்கள். ‘முப்பதே நாளில் நேராகும்’ என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஆறு மாதக் குழந்தை காலைத் தூக்கி வாயில் வைத்துக்கொள்ளும். விரலில் மாட்டிய சின்ன சிலிக்கான் துண்டு கழன்றால் அடுத்து எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். முப்பது நாள் வாக்குறுதியெல்லாம் அப்புறம்.

இது பிறவியிலேயே வருவது. பல வீடுகளில் பரம்பரையாகவும் வரும். உங்கள் இருவரின் கால்களையும் தாத்தா பாட்டி கால்களையும் ஒருமுறை பாருங்கள், யாரிடமாவது இதே விரல் இருக்கக்கூடும். இருந்தால் இன்னொன்றும் கேளுங்கள்: அதனால் அவர்களுக்கு வாழ்நாளில் என்ன தொல்லை? ‘ஒன்றுமில்லையே’ என்ற பதில்தான் பெரும்பாலும் வரும்.

குழந்தைகளிடம் இது இரண்டு விதமாக இருக்கும். ஒன்று உங்கள் குழந்தைக்கு இருப்பது, அதாவது சுண்டு விரல் மேலே ஏறுவது. இன்னொன்று மூன்றாவது அல்லது நாலாவது விரல் சுருண்டு பக்கத்து விரலுக்கு அடியில் போவது. இரண்டாவது வகைக்குக் காரணம் விரலை மடக்கும் தசைநார் இறுக்கமாக இருப்பது. வளர வளர அதில் சில தானாகவே நேராகிவிடும். நேராகாமல் தொந்தரவு தந்தால் மூன்று நாலு வயதுக்கு மேல் அந்தத் தசைநாரைத் தளர்த்தும் சின்ன அறுவை சிகிச்சை உண்டு. சுண்டு விரல் அவ்வளவு எளிதில் தானாக நேராகாது. ஆனால் ஷூ உரசி வலித்தால் ஒழிய அதைத் தொட வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை.

சில மருத்துவர்கள் கைக்குழந்தைக்கு மெல்லிய டேப் ஒட்டக் கற்றுத் தருவார்கள். அது நிலைத்த பலன் தரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒட்டுவதானால் அவர் காட்டியபடிதான் ஒட்ட வேண்டும். விரலை முழுதாகச் சுற்றி இறுக்கினால் ரத்த ஓட்டம் தடைபடும். விரல் நீலமாகவோ வெளுத்தோ போனால் உடனே எடுத்துவிடுங்கள்.

நடக்கும்வரை குழந்தைக்கு ஷூவே தேவையில்லை. பாதம்வரை மூடிய உடையும் இறுக்கமான சாக்ஸும் விரலை அழுத்தும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. நடக்கத் தொடங்கியதும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதத்தை அளந்து பாருங்கள்.

கேள்வி: எனக்கு 52 வயது. கட்டை விரல் மூட்டு புடைத்து, விரல் உள்பக்கம் சாய்ந்துவிட்டது. இரண்டாவது விரல் அதன் மேல் ஏறிக்கொண்டது. இரவில் மாட்டும் பட்டை வாங்கி நாலு மாதமாகிறது, ஒரு மாற்றமும் இல்லை. திருப்பித் தரலாம் என்றால் ‘பிரித்த பொருளை எடுக்க மாட்டோம்’ என்கிறார்கள்.

பதில்: மருத்துவர்கள் இந்தப் புடைப்பைப் பனியன் என்பார்கள், உடுத்துகிற பனியன் இல்லை. கட்டை விரல் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ள, இரண்டாவது விரல் போக்கிடமில்லாமல் மேலே ஏறுகிறது. பட்டை மாட்டியிருக்கும் வரை நேராக வைத்திருக்கும். கழற்றி எழுந்து நின்றால் எலும்பு பழைய இடத்துக்கே போய்விடும். விளம்பரத்தில் ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு படம் போடுகிறார்களே, அதில் பாதம் தரையில் ஊன்றி நிற்கிறதா என்று பாருங்கள். தொங்கவிட்ட பாதத்தில் விரல் எப்போதும் கொஞ்சம் நல்லபடியாகத்தான் தெரியும்.

உடலில் அணியும் பொருளை உறை பிரித்த பிறகு பல விற்பனையாளர்கள் திரும்ப எடுப்பதில்லை. ‘பலன் இல்லையென்றால் பணம் வாபஸ்’ என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிக் கேளுங்கள். அப்படி எழுதாமல் வெறும் ‘திருப்பித் தரலாம்’ என்று மட்டும் இருந்தால், கெடுவையும் நிபந்தனையையும் படித்துவிட்டுப் பேசுவது நல்லது.

இனி வாங்குவதற்கு முன் விரலைக் கையால் கீழே இறக்கிப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் மூட்டு இன்னும் இளக்கமாக இருக்கிறது. அப்படியானால் மெல்லிய ஜெல் துண்டோ, விரலைக் கீழே பிடித்து வைக்கும் வளையம் கொண்ட பட்டையோ உரசலைக் குறைக்கும். அதைத் தாண்டி எதிர்பார்க்காதீர்கள். இறங்கவே மறுத்தால் எந்தத் துண்டும் உதவாது. தடித்த துண்டு ஷூவுக்குள் இடத்தை அடைத்து வேதனையைக் கூட்டும். என் அலமாரியில் அப்படி மூன்று வகை தூங்குகின்றன.

பணத்தை முதலில் ஷூவில் போடுங்கள். மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், காகிதத்தில் நின்று சுற்றிலும் வரைந்துகொள்ளுங்கள். ஷூவின் உள்தட்டை எடுத்து அந்தப் படத்தின் மேல் வையுங்கள். வரைந்த கோடு எங்காவது வெளியே தெரிந்தால் அந்த ஷூ உங்களுக்கு இல்லை. விரல் பகுதி அகலமாக மட்டுமல்ல, உயரமாகவும் இருக்க வேண்டும், ஏறிய விரலின் முதுகுதான் ஷூவின் மேல்பகுதியில் உரசுகிறது. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்கட்டும். குதி உயர்ந்த செருப்பு உடல் எடையை முன்னால் தள்ளும், அதை விட்டுவிடுங்கள்.

அண்மையில்தான் விரல் நகரத் தொடங்கி, அதன் அடியில் பாதத்தின் முன்பகுதியில் வலியும் இருந்தால் தாமதிக்காமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டின் அடிப்பக்கத் தசைநார் கிழிந்திருக்கலாம். அறுவை சிகிச்சை என்றால் ‘கட்டை விரலையும் சேர்த்துச் சரிசெய்வீர்களா?’ என்று கேட்டுவிடுங்கள். தள்ளுகிற விரலை அப்படியே விட்டால் மேலேறிய விரல் மறுபடி ஏறக்கூடும். அறுவைக்குப் பின் விரலை நேராகப் பிடித்து வைக்கும் கம்பி நுனியில் சில வாரங்கள் நீட்டிக்கொண்டிருக்கலாம், வீக்கம் வடியப் பல மாதங்கள் பிடிக்கும். விடுப்புக் கணக்கை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். ஏறிய விரல் மேல் கால் ஆணி வந்திருக்கிறது. ஆணிக்கான பிளாஸ்டர் ஒட்டலாமா?

பதில்: ஒட்டாதீர்கள். அதில் பொதுவாகத் தோலைக் கரைக்கும் சாலிசிலிக் அமிலம் இருக்கும். உணர்ச்சி மங்கிய பாதத்தில் அது புண்ணாக்கினாலும் அவருக்குத் தெரியாது. சிலிக்கான் துண்டையும் மருத்துவரைக் கேட்காமல் வைக்க வேண்டாம். ஆணியைப் பிளேடால் வெட்டும் வேலையும் வேண்டாம். பாதத்தை மருத்துவரிடம் காட்டுங்கள், அதுவரை தினமும் இரவில் விரல் இடுக்குகளை நீங்களே வெளிச்சத்தில் பாருங்கள்.