சுங்குடி முடிச்சு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவள் நான். துணியைச் சிறு சிறு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் முக்கிப் புள்ளி எடுக்கும் சுங்குடி வேலையைக் கற்க, சென்ற மாதம் மதுரையில் ஐந்து நாள் பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன். முதல் நாள் சரித்திரம், மறுநாள் முடிச்சு, எஞ்சிய மூன்று நாளும் சாயம் முக்குவது என்று கழிந்தன. என் கைக்குட்டையில் புள்ளிகள் தெளிவாக விழாமல் கலங்கிப் போயின. உடன் கற்ற இளம்பெண்களின் வேகம் எனக்கு இல்லை. இந்த வயதில் இது வருமா? மருமகளுக்கு என் கையால் ஒரு சேலை செய்து தர ஆசை.
வாசகி, திருநகர்

பதில்: வயதைக் குறை சொல்லாதீர்கள் அம்மா, பயிற்சியின் நாள் பங்கீடுதான் குறை. சாயக் கலவையை அளவு எழுதிய தாளைப் பார்த்துப் பிறகும் செய்துகொள்ளலாம். முடிச்சு அப்படியல்ல, தவறும் இடத்தை அருகிலிருந்து ஒருவர் சுட்டிக்காட்டினால்தான் விரல் திருந்தும். ஐந்து நாளில் நான்கு நாளை முடிச்சுக்கே கொடுக்கும் பயிற்சியாக இருந்தால் பார்ப்பதற்குச் சலிப்பாகத் தோன்றும், ஆனால் கொடுத்த பணத்துக்கு அதுவே நியாயம். வண்ணங்கள் கண்ணைக் கவர்வதால், சாயத் தொட்டியை நடுவில் வைத்து மூன்று நாளை ஓட்டிவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

உங்கள் புள்ளிகள் கலங்கியதற்குப் பெரும்பாலும் சுற்று தளர்ந்திருப்பதே காரணமாக இருக்கும். இடக்கையின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் துணியை மிளகளவு கிள்ளி உயர்த்தி, நூலை அதன் கழுத்தில் இரண்டு மூன்று முறை ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கிச் சுற்ற வேண்டும். சுற்று பரந்து இறங்கினால் புள்ளி நீண்டு உருக்குலையும், தளர்ந்தால் சாயம் உள்ளே கசியும். நூலை அறுக்காமலே அடுத்த புள்ளிக்குப் போகலாம். இதைச் சரியாகச் செய்தும் கலங்கினால், துணி முழுதும் காய்வதற்கு முன்பே முடிச்சை அவிழ்த்தீர்களா என்று நினைத்துப் பாருங்கள். ஈரத்தில் அவிழ்த்தால் மடிப்பில் தங்கியிருந்த சாயம் வெள்ளையில் இறங்கிவிடும். நன்றாகக் காய்ந்த பின் துணியைக் குறுக்காக இருபுறமும் இழுத்தால் சுற்றுகள் தாமே விடுபடும். சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்திருந்தால் மட்டும் அது வேறு பிழை: புதுத் துணியின் கஞ்சி போகவில்லை. முதல் நாள் இரவே ஊறவைத்து அலசிவிடுங்கள். கற்பதற்கு மெல்லிய மல் துணி ஏற்றது. தடித்த துணி விரலுக்கு அடங்காது.

சேலையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஓரடிச் சதுரக் கைக்குட்டையில் அங்குலத்துக்கு ஒரு புள்ளி என்று வைத்தால் 144 முடிச்சு. புதியவருக்கு ஒரு முடிச்சுக்கு ஒரு நிமிடம் ஆனால், இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதே இடைவெளியில் ஐந்தரை மீட்டர் சேலைக்கு ஏறக்குறைய 9,700 முடிச்சு வரும். நாளைக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் இருபது நாள். உங்கள் கழுத்தும் கண்ணும் அதற்கு இடம் கொடுக்காது. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, முதலில் கைக்குட்டைகள், பிறகு ஒரு துப்பட்டா, அதன் பின் சேலை என்று போங்கள். மருமகளுக்கு இப்போதைக்குத் துப்பட்டா போதும். முந்தானையில் மட்டும் முடிச்சிட்ட சேலையும் ஆகும்.

கேள்வி: கடையில் வாங்கிய சுங்குடிச் சேலையை மாதிரியாக வைத்துப் பழகலாம் என்று பார்த்தால், அதன் புள்ளியைப் போல என் புள்ளி வரவே மாட்டேன் என்கிறது. என்ன தவறு?
வாசகர், மேலூர்

பதில்: உங்கள் சேலை முடிச்சிட்டதாக இல்லாமல் அச்சிட்டதாக இருக்கலாம். மெழுகை அச்சால் ஒற்றிச் சாயமிடுவதும், திரை அச்சும் இன்று மதுரையிலும் சின்னாளப்பட்டியிலும் பரவலாக உண்டு. எல்லாமே சுங்குடி என்ற பெயரில்தான் விற்கின்றன. மதுரைச் சுங்குடி 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. மதுரையில் வாழும் நெசவுச் சமூகத்தாரான சௌராஷ்டிரர் கையில் வளர்ந்த முடிச்சு வேலைதான் அதற்குப் பெயர் வாங்கித் தந்தது. கையால் கட்டிய புள்ளி முழு வெள்ளையாக இராது. கிள்ளிய நுனி சாயத்தில் நனைவதால், நடுவில் ஒரு பொட்டும் அதைச் சுற்றி வெள்ளை வளையமுமாக அமையும். ஒன்றைப் போல் மற்றொன்று இருக்காது. துணியிலும் சிறு சுருக்கங்கள் தங்கியிருக்கும். ஒரே அளவாகத் தட்டையாக விழுந்த புள்ளியை மாதிரியாக வைத்துக்கொண்டு உங்கள் விரலை நொந்துகொள்வது, அச்செழுத்தைப் பார்த்துக் கையெழுத்தைக் குறை சொல்வது போலத்தான்.

கேள்வி: பயிற்சியில் இரசாயனச் சாயமே தந்தார்கள். வீட்டில் இயற்கைச் சாயத்தால் முயலலாமா?
வாசகி, உசிலம்பட்டி

பதில்: முயலலாம், ஆனால் முடிச்சிட்ட துணியில் தொடங்க வேண்டாம். மஞ்சள் எளிதில் ஏறும். வெயிலில் அதே எளிமையோடு வெளுக்கும். நிலைத்த சிவப்புக்கு, பருத்தித் துணியைக் கடுக்காய் நீரில் ஊறவைத்து உலர்த்தி, படிகாரக் கரைசலில் நனைத்து, அதன் பிறகு மஞ்சிட்டி போன்ற வேர்ச் சாயத்தில் சூடாக நெடுநேரம் வைக்க வேண்டும். அந்தச் சூட்டிலும் நேரத்திலும் தளர்ந்த முடிச்சு ஒன்றுகூடத் தப்பாது. பயிற்சியில் தந்தது சூடாக்கத் தேவையில்லாத குளிர்ச்சாயம் என்றால், உப்பும் சலவைச் சோடாவும் சேர்த்து ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். சோடா கலந்த சாயத்தை மறுநாளுக்கு எடுத்துவைக்காதீர்கள், அது துணியில் பிடிக்காது. தூளைக் கலக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், கையுறை அணியுங்கள். எந்தச் சாயமானாலும் சமையல் பாத்திரத்தை மட்டும் இதற்கு எடுக்க வேண்டாம்.