பம்பே ஓடாத இரவிலும் காலையில் பாய்லர் நிறையத் தண்ணீர் நிற்பது ஏன்?

கொண்டலாம்பட்டிப் பக்கம் சாயப்பட்டறை, விடுமுறை முடிந்து வந்தால் தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸ் மேல்வரை நிரம்பியிருக்கிறது, தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வான என்.ஆர்.வி.யை மாற்றியும் நிற்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். சேலத்துப் பட்டறைகளில் பாய்லர் வேலை பார்க்கிறவன் நான். இது வெற்றிடம் செய்கிற வேலை. என்.ஆர்.வி. மேல் தப்பில்லை.

தீயை அணைத்து ஸ்டீம் வால்வை மூடிவிட்டுப் போகிறீர்கள். உள்ளே நிற்கும் ஸ்டீம் ஆறித் தண்ணீராகிறது. சாதாரண காற்றழுத்தத்தில் 1 லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடத்தை அடைக்கும்; ஆறும்போது அவ்வளவும் காலியாகிவிடும். காற்று நுழைய வழியில்லை. பாய்லருக்குத் தண்ணீர் தரும் ஃபீட் டேங்கோ திறந்த தொட்டி, அதன் மேல் வெளிக்காற்று அழுத்துகிறது. நின்றுபோன பம்பு வழியாகவே தண்ணீர் பாய்லருக்குள் ஏறிவிடும். என்.ஆர்.வி. திரும்பி வருவதைத்தான் தடுக்கும், உள்ளே போவதைத் தடுக்காது. எத்தனை முறை மாற்றினாலும் இதேதான்.

பிரஷர் கேஜ் இதைக் காட்டாது; பூஜ்யத்துக்குக் கீழே அதில் அளவே கிடையாது. காலையில் முள் பூஜ்யத்தில் இருக்கிறதா, பாய்லர் நன்றாக ஆறிவிட்டதா என்று பார்த்துவிட்டு அடியில் தண்ணீரை வடிக்கும் ப்ளோடவுன் வால்வைத் திறந்தால் தண்ணீர் சரியாக இறங்காது. மேலே ஏர் வென்ட்டைக் கொஞ்சம் திறங்கள். உஸ்ஸென்று காற்றை இழுக்கும். வென்ட்டின் வாயருகே ஒரு நூலைப் பிடித்தால் உள்பக்கமாக வளையும். அப்புறம் பாருங்கள், ப்ளோடவுன் குபுகுபுவென ஊற்றும். மட்டம் சரியான அளவுக்கு வந்த பிறகுதான் தீ போட வேண்டும். இல்லையென்றால் ஸ்டீமோடு தண்ணீரும் போய்க் குழாயில் டமார் டமாரென்று அடிக்கும்.

இப்போதைக்கு, இரவில் பாய்லருக்குத் தண்ணீர் போகும் குழாயிலுள்ள ஃபீட் வால்வைக் கையால் இறுக மூடுங்கள். காலையில் தீ போடும் முன் அதைத் திறந்தே ஆக வேண்டும். பாய்லரில் தண்ணீர் கூடுவதைவிடக் குறைவதுதான் பெரிய ஆபத்து. மறக்காமலிருக்கப் பர்னர் சுவிட்சில் ஓர் அட்டை தொங்கவிடுங்கள். நிரந்தரத் தீர்வு, ஸ்டீம் பக்கம் ஒரு வேக்கம் பிரேக்கர். அழுத்தம் இருக்கும்போது மூடியிருக்கும், வெற்றிடம் வந்தால் காற்றை உள்ளே விடும். பாய்லரில் எதைப் பொருத்துவதானாலும் முதலில் பாய்லர் இன்ஸ்பெக்டர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சாயத்தொட்டிக்குள் ஸ்டீம் ஓடும் சுருள் குழாயான காயிலிலும் இதே இழுப்பு உண்டு. ஊசிமுனை ஓட்டை இருந்தால்கூட, ஸ்டீமை நிறுத்தியதும் சாயத்தை உறிஞ்சிவிடும். அது கண்டன்சேட்டோடு, அதாவது ஸ்டீம் ஆறிய தண்ணீரோடு, ஃபீட் டேங்குக்கு வந்து சேரும். காலையில் முதலில் வரும் கண்டன்சேட்டைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். லேசாக நிறம் தெரிந்தாலும் அந்தத் தண்ணீரைக் கழிவுத் தொட்டிக்குத் திருப்பிவிட்டு, காயிலைக் கழற்றிச் சோதித்துவிடுங்கள்.