இரண்டு முறை பிடித்துத் தைத்த ரவிக்கை

கேள்வி: எனக்கு வயது 36. இரண்டு வருடங்களாக ஆயுர்வேதத்தில் ஆர்வம். என் உடல்வாகு எது என்பதில்தான் குழப்பம். இரண்டாவது குழந்தைக்கு முன்பு செல்போனில் ஒரு கேள்வித்தாளை நிரப்பினேன், பித்த-கபம் என்று வந்தது. குழந்தைக்கு எட்டு மாதம் ஆனபோது அதையே நிரப்பினால் வாதம் என்கிறது. ஆயுர்வேத மருத்துவர் ஒருவர் நாடி பார்த்து வாத-பித்தம் என்றார். வீட்டில் எல்லோருக்கும் இந்தக் கேள்வித்தாளை நிரப்பி, யார் எதைச் சாப்பிட வேண்டும் என்று அட்டவணை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். கணவர் பித்தம், பெரியவன் கபம். அத்தைக்கு (71) சுத்த வாதம். அவருக்கு அப்படியே பொருந்துகிறது: மெலிந்த உடம்பு, வறண்ட தோல், தூக்கம் கிடையாது, ராத்திரி நாலு தடவை எழுந்துகொள்கிறார், பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறார். நான் கல்யாணமாகி வந்தபோது வாட்டசாட்டமாக இருந்தவர், படுத்தால் குறட்டைதான். இப்போது ஆறேழு மாதத்தில் அவருடைய ரவிக்கைகளை இரண்டு முறை பிடித்துத் தைத்துவிட்டேன். கணவரிடம் சொன்னால் ‘வயசானா அப்படித்தான்’ என்கிறார். பித்த உடம்பு, திரும்பக் கேட்டால் எரிந்து விழுவார். அத்தைக்கு வாதம் தணிக்கும் சூரணம் ஒன்றை ஆன்லைனில் வாங்கிக் கொடுக்கிறேன். தயிரை நிறுத்திவிட்டேன். அட்டவணை சரிதானா? என் வகையை எப்படி முடிவு செய்வது?

பதில்: கடிதத்தில் முக்கால் பங்கு உங்கள் வகையைப் பற்றி. ரவிக்கைக்கு ஒரு வரி. அந்த வரியைத் தாண்டிப் போக முடியாமல் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஆறேழு மாதத்தில் இரண்டு முறை. முதல் முறை எவ்வளவு பிடித்தீர்கள், பக்கத்துக்கு அரை அங்குலமா, முக்கால் அங்குலமா? இரண்டாவது தடவை ஊசியில் நூல் கோத்து உட்கார்ந்தபோது, ‘போன தையலை இப்போதுதானே போட்டோம்’ என்று ஒரு நிமிஷம் கை நின்றிருக்குமே அம்மா. நிற்காமல் இருந்திருக்காது. நின்ற கையை ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் அந்தக் காகிதம்தான் மறுபடி தைக்க வைத்திருக்கிறது. வாத உடம்பு, மெலியத்தான் செய்யும், சரி, தை.

நீங்கள் நம்பும் அதே ஆயுர்வேதம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். உடல்வாகு என்று நீங்கள் எழுதுவதற்கு நூல்களில் பிரகிருதி என்று பெயர். அது கரு உருவாகும்போதே அமைந்துவிடுகிறது என்பது சுஸ்ருத சம்ஹிதையின் கணக்கு. வாதம், பித்தம், கபம் தனித்தனியே மேலோங்கியது மூன்று, இரண்டிரண்டாகக் கலந்தது மூன்று, மூன்றும் சமமாக நிற்பது ஒன்று, ஆக ஏழு. பிறவியில் வந்த இந்த மிகுதி அந்த மனிதரை வாட்டுவதில்லை என்பதற்கு அங்கே ஓர் உவமை வரும்: விஷத்தில் பிறந்த புழு விஷத்தால் சாவதில்லை. அதே இடத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பிரகிருதி கூடாது, குறையாது, வேறொன்றாக மாறாது. மாறினால் அது ஆயுள் தீர்ந்தவரின் அறிகுறி. மென்று விழுங்காமல் அப்படியேதான் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு அழ உட்காராதீர்கள், அதற்காக எழுதவில்லை. உங்கள் அட்டவணையை வைத்தே யோசித்துப் பாருங்கள். வாட்டசாட்டமான உடம்பு, ஆழ்ந்த தூக்கம். கல்யாணமாகி வந்தபோது நீங்கள் பார்த்த அந்த அத்தைக்குக் கேள்வித்தாளை நிரப்பியிருந்தால் என்ன வந்திருக்கும்? கபம். 71 வருடம் கப உடம்போடு இருந்த ஒருவர் ஆறேழு மாதத்தில் வாத உடம்புக்காரர் ஆகிவிட்டாரா? நூல்படி அது நடக்காது. நடந்திருப்பதற்கு அந்த நூல்களே வேறு பெயர் வைத்திருக்கின்றன: விகிருதி, அதாவது இருந்த நிலையிலிருந்து பிசகியது. நோய் என்றே சொல்லிவிடலாம். நோயைப் பார்த்துவிட்டு அதற்கு உடல்வாகு என்று பெயர் வைத்து, காந்தம் போட்டு ஒட்டியும் வைத்துவிட்டீர்கள்.

வயதானால் வாதம் மேலோங்கும், அதுவும் நூலில் இருக்கிறதே என்று நீங்கள் எழுதுவீர்கள். இருக்கிறது. சிறு வயதில் கபம், நடுவயதில் பித்தம், முதுமையில் வாதம். ஆனால் முதுமை படிப்படியாக வரும். வருடக்கணக்கில் தோல் சுருங்கும், நடை தளரும். இரண்டு தையலுக்கு நடுவில் முதுமை வந்து இறங்காது.

அலோபதி டாக்டர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். முயற்சி எதுவும் செய்யாமல் ஆறிலிருந்து 12 மாதத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் காரணம் தேடியாக வேண்டும். 60 கிலோ இருந்தவருக்கு அது வெறும் மூன்று கிலோ. மூன்று கிலோவுக்கு ரவிக்கையை இரண்டு முறை பிடிக்க வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். தைத்தவர் நீங்கள், உங்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் அந்த ‘ராத்திரி நாலு தடவை’. தூக்கம் வராமல் எழுந்துகொள்கிறாரா, சிறுநீர் கழிக்க எழுந்துகொள்கிறாரா? நீங்கள் எழுதவில்லை, கேட்டிருக்கவும் மாட்டீர்கள். அட்டவணையில் ‘தூக்கம் குறைவு’ என்று ஒரே கட்டம், இரண்டும் அதற்குள் அடங்கிவிட்டன. சிறுநீருக்காக என்றால், கூடவே தாகமும் எடுத்தால், முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை. மதுமேகம் ஆயுர்வேதத்துக்கும் புதிதல்ல, சிறுநீரை எறும்பு மொய்ப்பதைக் கவனித்து எழுதிவைத்த வைத்தியம் அது. இன்று எறும்புக்குக் காத்திருக்க வேண்டாம், ஒரு ரத்தப் பரிசோதனை போதும். வெறும் வயிற்றில் 126, அல்லது மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி 6.5, இவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோ நீரிழிவு என்று கொள்கிறார்கள், சந்தேகமிருந்தால் மறுபடி எடுத்துப் பார்த்து உறுதி செய்வார்கள். சர்க்கரை இல்லையென்றாலும் அதோடு நிற்கக் கூடாது. தைராய்டு இருக்கிறது, காசநோய் இருக்கிறது, வயிற்றில் புண்ணோ கட்டியோ இருக்கலாம், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை பசியைக் கொல்லலாம். மனச்சோர்வும் வயதானவர்களை இப்படி உருக்கும், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறார் என்பதையும் அட்டவணைக்குள் தள்ளிவிட்டீர்கள், வாதத்துக்குப் பசி ஒழுங்காக இருக்காது என்று. ஏன் எழுந்தார் என்று கேளுங்கள். பல் வலிக்கிறதா? விழுங்கும்போது தொண்டையில் நிற்கிறதா? நெஞ்சைக் கரிக்கிறதா? இல்லை, தயிர் இல்லாத சோறு அவருக்கு இறங்கவில்லையா?

தயிர் விஷயத்தில் உங்களைக் கண்டிக்கத்தான் வேண்டும். ராத்திரியில் தயிர் கூடாது என்று சரக சம்ஹிதையில் இருப்பது உண்மை. ஆனால் நோயாளியைப் பார்க்கும்போது வைத்தியர் கவனிக்க வேண்டியவை என்று அதே சரகம் பத்து விஷயங்களைச் சொல்கிறது. பிரகிருதி அதில் ஒன்று, விகிருதி இன்னொன்று. உடல் அளவு, வயது, மனவலிமை, செரிக்கும் சக்தி எல்லாம் வருகின்றன. சாத்மியம் என்றும் ஒன்று வருகிறது, உடம்புக்குப் பழகிப்போனது. எழுபது வருடம் பழகிய சாப்பாட்டை ஒரே நாளில் பிடுங்கக் கூடாது. கெட்ட பழக்கத்தைக்கூடக் கால்வாசி கால்வாசியாகக் குறைத்துத்தான் விட வேண்டும் என்று அந்த நூல்களே முறை வகுத்திருக்கின்றன. எடை குறைந்துகொண்டிருக்கும் ஒரு பெரியவரின் தட்டிலிருந்து அவர் விரும்பிச் சாப்பிடும் ஒன்றை எடுப்பதற்கு முன்னால் வைத்தியராக இருந்தால் இத்தனையையும் பார்த்திருப்பார். நீங்கள் பார்த்தது செல்போனை. டாக்டர் வேண்டாம் என்று சொல்லும்வரை தயிரைத் திருப்பிக் கொடுங்கள்.

சூரணத்தை இன்றே நிறுத்துங்கள். எந்த நோய்க்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுப்பது எந்த வைத்தியத்திலும் சேராது. டப்பாவைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அத்தை வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

இனி உங்கள் கணவர். இது அவருக்கு. ஐயா, உங்கள் அம்மாவுக்குத் துணி தொளதொளவென்று ஆனதை ஊசி பிடித்த மருமகள் கண்டாள். பெற்ற மகனான உங்கள் கண்ணில் அது படவில்லை, அவள் சொல்லியும் காதில் ஏறவில்லை. வயசானா அப்படித்தான் என்று சொல்ல நீங்கள் என்ன பரிசோதனை செய்தீர்கள்? எரிந்து விழுவதற்குப் பித்தத்தைச் சாக்காகச் சொல்லி உங்களைக் காப்பாற்ற வீட்டில் ஓர் ஆள் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போவது உங்கள் வேலை. மனைவி நினைவுபடுத்தித்தான் செய்ய வேண்டும் என்ற நிலையே வெட்கம்.

ஆனாலும் அம்மா, அவர் கிளம்பும்வரை நீங்கள் காத்திருக்கக் கூடாது. ஒரு வீட்டில் யார் தட்டு வைக்கிறார்களோ, யார் துணி துவைத்து மடிக்கிறார்களோ, அவர்களுக்குத்தான் அடுத்தவர் உடம்பு முதலில் தெரியும். முதலில் தெரிந்தவர்தான் முதலில் பேச வேண்டும் என்று நான் பிடிவாதமாக நம்புகிறவள். இது நியாயமான பங்கீடா என்றால், இல்லை. அந்தச் சண்டையை அத்தையின் பரிசோதனை முடிவு வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், நானும் உங்கள் பக்கம் வருகிறேன். கணவர் எரிந்து விழுந்தால் விழட்டும். ‘எனக்கு ஒண்ணுமில்லைம்மா’ என்று அத்தையும் சொல்வார். பிள்ளைக்குச் செலவு வைக்கக் கூடாது என்று நினைக்கும் தலைமுறை அது, அவர் வாய் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

உங்கள் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், பெரிதாக ஒன்றுமில்லை. பிரகிருதி ரத்த வகை போலக் கருவியில் எண்ணாக வந்து நிற்கிற சமாச்சாரம் இல்லை. இரண்டு வைத்தியர் இரண்டு விதமாகச் சொல்வது சகஜம். நிதானமாகப் பார்க்கிறவர் நாடியோடு நிறுத்த மாட்டார், சிறு வயதில் எப்படி இருந்தீர்கள், பசி எப்படி, வியர்வை எப்படி, குளிர் தாங்குமா, நடை பேச்சு எப்படி என்றெல்லாம் துருவுவார். உங்கள் கேள்வித்தாள் கேட்டது இந்த வாரம் எப்படி இருக்கிறீர்கள் என்பதை. எட்டு மாதக் குழந்தையோடு ராத்திரி கண் விழிக்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் தூக்கமில்லை, தோல் வறட்சி, நேரத்துக்குப் பசியில்லை என்றுதான் சொல்வாள். அதற்கு வாதம் என்று பெயர் வந்தது. உங்களுக்கு வேண்டியது நாலு மணி நேரம் தொடர்ந்த தூக்கம், குழந்தையைக் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். பெரியவனுக்கு கபம் என்று சொல்லி எதையாவது நிறுத்தியிருந்தால் அதையும் திருப்பிக் கொடுங்கள், வளர்கிற பிள்ளை. அட்டவணையைக் கிழித்துவிடுங்கள்.

நாளைக் காலை அத்தையை வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். எடையைப் பார்த்துத் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். அங்கிருந்து நேராகப் பொது மருத்துவரிடம் போங்கள். ஆயுர்வேத மருத்துவரிடம்தான் நம்பிக்கை என்றால் முறையாகப் பட்டம் படித்தவரிடம் போங்கள், நல்லவராக இருந்தால் அவரே இந்தப் பரிசோதனைகளைக் கேட்பார். சளி, இருமல், சாயங்காலக் காய்ச்சல் உண்டா, மலத்தில் ரத்தமோ கறுப்போ உண்டா என்று முந்தின நாளே அத்தையிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், டாக்டர் முன்னால் அவர் கூச்சப்படுவார். தைத்த ரவிக்கை ஒன்றையும் பையில் எடுத்துப் போங்கள். எவ்வளவு குறைந்தார், எத்தனை மாதத்தில் என்று டாக்டர் கேட்கும்போது அத்தை கொஞ்சம்தான் என்பார். நீங்கள் இரண்டு தையலையும் காட்டுங்கள்.