புயல் கதையும் அடகில் இருக்கும் வளையலும்

அம்மா, எனக்கு வயது 36. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். கணவருக்குத் துபாயில் வேலை. மாமனாருக்கு 74. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருந்தவர். எந்தப் பேச்சை எடுத்தாலும் ‘தானே’ புயலில்தான் வந்து நிற்பார். குழம்பில் உப்பு கம்மி என்றாலும் 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தோப்பு மொத்தமும் சாய்ந்த கதைதான். நூறு தடவை கேட்டாயிற்று. மஞ்சக்குப்பத்தில் நான் துணிக்கடை வைத்தபோதும், “எல்லாத்தையும் ஒரே இடத்துல போடாதம்மா” என்றார். பி.காம். படித்தவளுக்கு இது தெரியாதா? கடை இப்போது மந்தம்தான், வளையல் நாலும் அடகில் இருக்கிறது, அவருக்கும் தெரியாது, என் கணவருக்கும் தெரியாது, அது வேறு விஷயம். போன வாரம் மறுபடி புயலை ஆரம்பித்தார். “போதும் மாமா” என்று கத்திவிட்டேன். அன்றிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுகிறார். ஒரே கதையை எத்தனை தடவைதான் கேட்பது? இதை எப்படி நிறுத்துவது?

பதில்:

சகோதரி, ‘அது வேறு விஷயம்’ என்று தாண்டிப் போனீர்களே, அந்த வளையல்தான் விஷயம். நூறு தடவை பொறுமையாகக் கேட்டவர் போன வாரம் மட்டும் ஏன் கத்தினீர்கள்? அவர் சாய்ந்த மரத்தைச் சொன்னார், உங்கள் காதில் கடை விழுந்தது. கடையின் நிலைமையே தெரியாத மனிதர் உங்களை எப்படிக் குத்திக்காட்ட முடியும்? கத்தியது தப்பு. இதில் நான் உங்கள் மாமனார் பக்கம்தான்.

அந்தக் கதையில் நீங்கள் கேட்காத பாதி ஒன்று இருக்கிறது. முந்திரி ஒட்டுக்கன்று காய்ப்புக்கு வரவே மூன்று வருஷம் ஆகும். நிறைந்து காய்க்க இன்னும் பல வருஷம். அதுவரை அந்த வீட்டில் உலை எப்படிக் கொதித்தது? மல்லாட்டை (நிலக்கடலை) போட்டாரா, கூலிக்குப் போனாரா? யாரிடம் கடன் கேட்டார், யாரிடம் மறைத்தார்? மரம் விழுந்ததோடு அவர் நிறுத்திக்கொள்கிறார், அதற்கு மேல் யாரும் கேட்காததால். இருந்ததெல்லாம் போன பிறகு ஒரு மனிதன் எப்படி எழுந்து நடந்தான் என்பது உங்கள் வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். இன்று அது தேவைப்படுவது உங்களுக்கு.

அவர் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்லவில்லை. தோப்பு வேறு, கடை வேறு. கடையைத் தொடர்வதா மூடுவதா என்பதைக் கணக்கைப் பார்த்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கணவரிடம் வளையலைப் பற்றி இந்த வாரமே சொல்லிவிடுங்கள். வட்டி ஏற ஏறச் சொல்வது இன்னும் கஷ்டமாகும்.

அதற்கு முன், இன்று ராத்திரி உங்கள் தட்டையும் எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போங்கள். கத்தியதற்கு மன்னிப்புக் கேளுங்கள். பிறகு, “மறுநாள் காலையில எழுந்து என்ன பண்ணீங்க மாமா?” என்று கேளுங்கள்.