மலைப்பகுதிச் சுற்றுலா வரைபடத்தில் மேடுபள்ளத்தைக் காட்டத்தான் வேண்டுமா?

ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் சாதாரணப் பயணிக்குப் புரியாது, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ ஒரு மலை ஊருக்கு வரைபடம் தயாரிக்கும் வேலை உங்களிடம் வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். கோடுகளை விடலாம், ஏற்ற இறக்கத்தை விடக் கூடாது.

பல ஆண்டுகள் சாலை வேலைகளுக்குக் காண்டூர் எனப்படும் இந்தக் கோடுகளை வரைந்து பிழைத்த நானே கொடைக்கானலில் ஏமாந்தேன். விடுதியில் கொடுத்த வண்ணத்தாளில் ஏரி, பிரையண்ட் பூங்கா, தூண்பாறை எல்லாம் ஒரே பச்சைத் தரையில் கிடந்தன. வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் என்ற பாறைமுனைக்குச் செல்லும் பாதை என் கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கிவிட்டது. பக்கம்தான் என்று சொல்லி, 68 வயது அம்மாவை அழைத்துப் போனேன். இறங்கும்போது மரவேர்களே படிக்கட்டாக அமைந்திருந்தது வேடிக்கையாக இருந்தது. திரும்பும்போது அதே வேர்களில் அவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்தார். "பக்கம்தான்னு சொன்னியேடா" என்று ஒரே ஒரு தடவை கேட்டார்; அதற்குப் பிறகு பேசவில்லை.

விசாரிக்காமல் போனது உன் தவறு என்று யாரேனும் எழுதுவீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1:50,000 அளவையுள்ள, அதாவது ஒரு மில்லிமீட்டர் தரையில் 50 மீட்டராகும் டோப்போ ஷீட்டில் (நில அமைப்பு வரைபடத்தில்) 20 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு வரும். இரண்டு கோடுகள் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் நெருங்கினால், 50 மீட்டர் தள்ளிப் போவதற்குள் ஆறு மாடி ஏறவேண்டும் என்று பொருள். இந்தக் கணக்கைப் பயணியின் தலையில் கட்ட முடியாது.

அதனால் சுவிட்சர்லாந்து வரைபடங்களைப் போல மலைச்சரிவுகளுக்கு நிழல் தீட்டுங்கள். ஒளி வடமேற்கிலிருந்து விழுவதாகவே வையுங்கள். இயற்கையில் வெயில் அப்படி விழாவிட்டாலும், தெற்கிலிருந்து ஒளி கொடுத்தால் பலர் கண்ணுக்குப் பள்ளத்தாக்கு மலைமுகடாகத் தெரியும். ஊர்ப்பெயரை விழுங்காத அளவுக்கு நிழல் வெளிறியிருக்கட்டும். தாழ்நிலத்துக்குப் பச்சை, உயரத்துக்குப் பழுப்பு என்ற பள்ளிக்கூட வழக்கம் இங்கே உதவாது. பச்சையைக் காடு என்றுதான் எல்லோரும் படிப்பார்கள்.

பாதையோரம் ஏற வேண்டிய மீட்டரையும், திரும்பிவரும் நேரத்தையும் தனியாக எழுதுங்கள். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி என்ற ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித்தின் 1892ஆம் ஆண்டுக் கணக்கு, நடந்து பழகியவர்களுக்கானது. என் அம்மாவைப் போன்றவர்களுக்குத் தாராளமாகக் கூட்டிக்கொள்ளுங்கள். தாளில் இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். எனக்குக் கொடுத்த தாளின் பின்பக்கம் முழுவதும் சாக்லேட் கடை விளம்பரம்தான்.