ஃபிளாஸ்க் கட்டளை எதற்கு?

அன்புள்ள ஐயா,

பைத்தானில் வலைச் செயலிகள் எழுத உதவும் ஃபிளாஸ்க்கைப் பழகிவருகிறேன். இதுவரை பைத்தான் கட்டளையில் கோப்பின் பெயரைக் கொடுத்தே ஓட்டினேன். ஒரு பழைய பாடத்தில் சொன்னபடி 'ஃபிளாஸ்க்_என்வ்' மாறியை டெவலப்மென்ட் என்று வைத்துவிட்டு 'ஃபிளாஸ்க் ரன்' கொடுத்தால், செயலியைக் காணோம் என்கிறது. என் கோப்பு 'கடை.பிஒய்'. அதை 'ஆப்.பிஒய்' என்று மாற்றியதும் ஓடியது. டீபக் (பிழைகளை விவரமாகக் காட்டும் நிலை) மட்டும் வரவில்லை. இந்தக் கட்டளை அவசியம்தானா?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

தவறு உங்களுடையதல்ல, பாடம் பழசு. நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஃபிளாஸ்க், நிற்கும் கோப்புறையில் 'ஆப்.பிஒய்' அல்லது 'டபிள்யூஎஸ்ஜிஐ.பிஒய்' இருக்கிறதா என்றுதான் பார்க்கும். வேறு பெயர் என்றால் 'ஃபிளாஸ்க் --ஆப் கடை ரன் --டீபக்' என்று கொடுங்கள். '--ஆப்' என்பது 'ரன்'னுக்கு முன்னால் வர வேண்டும். அந்தப் பழைய மாறியை 2023இல் வந்த 2.3 பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள். அதற்கு என்ன மதிப்பு வைத்தாலும் ஃபிளாஸ்க் திரும்பிப் பார்க்காது.

அவசியமா என்றால், பைத்தான் கட்டளையில் கோப்பைக் கொடுக்கும் உங்கள் பழைய முறையிலும் ஓடும். ஆனாலும் நான் இதையே சொல்வேன். டீபக்கில் ஓடும்போது ஓர் அடைப்புக்குறியை விட்டுவிட்டுச் சேமித்தீர்கள் என்றால், பழைய முறையில் சர்வர் விழுந்துவிடும், மறுபடி கிளப்ப வேண்டும். 'ஃபிளாஸ்க் ரன்' விழாது. பிழையைப் பிரவுசரிலேயே காட்டிவிட்டு, நீங்கள் திருத்தும்வரை காத்திருக்கும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது 'ஃபிளாஸ்க் ரூட்ஸ்'. ஒரு முறை படிவம் ஒன்றை அனுப்பினால் 405, அதாவது இந்த முகவரிக்கு இந்த வகைக் கோரிக்கை கூடாது, என்று வந்துகொண்டே இருந்தது. எச்டிஎம்எல்லை வரிவரியாகத் துருவினேன், டேட்டாபேஸைச் சந்தேகப்பட்டேன், ஒரு மாலை முழுக்கப் போயிற்று. கடைசியில் இந்தக் கட்டளையைக் கொடுத்தேன். எல்லா முகவரிகளும் வரிசையாக வந்தன. என் முகவரிக்கு நேரே பக்கத்தைக் கேட்கும் 'கெட்' மட்டும் இருந்தது, படிவத்தை அனுப்பும் 'போஸ்ட்' இல்லை. ரூட் (முகவரியை ஃபங்ஷனோடு இணைக்கும் வரி) எழுதும்போது, எந்த வகைக் கோரிக்கைகளை ஏற்கலாம் என்ற மெத்தட்ஸ் கொடுக்க மறந்திருக்கிறேன். அன்றிலிருந்து புதிதாக ஒரு பக்கம் சேர்த்தால் முதலில் ரூட்ஸ் பார்க்காமல் பிரவுசரைத் திறப்பதில்லை.

சொந்தக் கட்டளையும் எழுதலாம். ஒரு ஃபங்ஷன் தலைமேல் 'ஆப்.சிஎல்ஐ.கமாண்ட்' என்ற டெக்கரேட்டரை ('@' போட்டு எழுதும் வரி) வைத்தால் போதும். டேட்டாபேஸில் அட்டவணைகளை உருவாக்குவது, மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியல் எடுப்பது போன்ற வேலைகளுக்குத் தனி ஸ்கிரிப்ட் வேண்டாம். செயலியின் கான்டெக்ஸ்ட், அதாவது அதன் அமைப்புகளை எட்டும் சூழல், தானாகவே கிடைக்கும். 2016இல் 0.11 பதிப்போடு வந்த இந்த வசதிக்கு அடியில் இருப்பது 'கிளிக்' என்ற நூலகம். ஃபிளாஸ்க்கை எழுதிய ஆர்மின் ரோனக்கரே அதையும் எழுதினார்.

ஒன்றே ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். 'ஃபிளாஸ்க் ரன்' உங்கள் மடிக்கணினிக்கு மட்டும். வெளியே எல்லோரும் பார்க்கும் சர்வரில் அதை, அதுவும் டீபக்கோடு, ஓட்டாதீர்கள். அந்தப் பிழைப் பக்கத்தில் பைத்தான் வரிகளை அடித்து ஓட்டவே முடியும். அதற்கு முன் 'பின்' என்ற ரகசிய எண்ணைக் கேட்கும் என்பதை நம்பி இருக்கக் கூடாது. அங்கே 'கூனிகார்ன்' போன்ற, பொதுப் பயன்பாட்டுக்கான சர்வர் மென்பொருள் ஒன்றை வையுங்கள்.

கோப்புக்குப் பழையபடி 'கடை' என்றே பெயர் வைத்துக்கொள்ளுங்கள், நல்ல பெயர். 'ஃபிளாஸ்க்.பிஒய்' என்று மட்டும் எப்போதும் வைக்காதீர்கள். இம்போர்ட் செய்யும்போது உண்மையான ஃபிளாஸ்க்குக்குப் பதில் உங்கள் கோப்பே வந்து நிற்கும். ரூட்ஸ் கொடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.