மனைவிக்கு வெள்ளைப்படுதல் திரும்பத் திரும்ப வருகிறது. கணவனும் மாத்திரை போட வேண்டுமா?

திருவாரூர் பக்கத்துக் கிராமம், மனைவி நடவுக்குப் போகிறவர், நாலு மாதமாக அரிப்பும் வெள்ளைப்படுதலும், மாத்திரை போட்டால் நின்று மறுபடி வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நர்ஸம்மா "வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாம்மா" என்கிறார், "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே" என்பது உங்கள் கேள்வி.

போங்கள். இந்த வாரமே போங்கள்.

வெள்ளை என்று ஊரில் ஒரே பேரில் சொன்னாலும் அது ஒரே நோய் இல்லை. மாதவிலக்குக்கு நடுவே முட்டை வெள்ளைக்கரு போல, நாற்றமும் அரிப்பும் இல்லாமல் வருவது இயல்பு, மருந்தே வேண்டாம். "எலும்பு உருகுது" என்பதெல்லாம் பொய். திரிந்த பால் போலத் திப்பி திப்பியாக வந்து கடுமையாக அரித்தால் பெரும்பாலும் பூஞ்சை. சாம்பல் வெளுப்பில் மீன் கவிச்சி அடித்தால் உள்ளிருக்கும் கிருமிகளின் சமநிலை கெட்டிருக்கிறது. மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரைத்து வந்தால் டிரைக்கோமோனாஸ் என்ற கிருமியாக இருக்கலாம், இது உடலுறவில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போவது. கண்ணால் பார்த்து முடிவு கட்ட முடியாது, பரிசோதனை வேண்டும். இதை இங்கே சொல்வது, மருந்துக் கடையில் வாயால் சொல்லி மாத்திரை வாங்குவது ஏன் பலிக்கவில்லை என்று புரிவதற்காக.

டிரைக்கோமோனாஸ் இருக்கும் ஆண்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. எரிச்சல் இருக்காது, சீழ் வராது. மனைவிக்குக் குணமாகும், உங்களிடம் கிருமி அப்படியே இருக்கும், சேர்ந்தால் மறுபடி அவருக்குப் போகும். முதல் சிகிச்சையில் சரியாகவில்லை என்றால் கணவனுக்கும் சேர்த்துக் கொடுப்பதுதான் அரசு மருத்துவமனைகளின் முறை. நர்ஸம்மா கூப்பிடுவது அதற்காகத்தான், உங்கள் மேல் குற்றம் சொல்ல இல்லை.

அங்கே பெரும்பாலும் பச்சை நிறப் பொட்டலம் தருவார்கள். செக்னிடசோல் 2 கிராம், ஃப்ளூகொனசோல் 150 மில்லிகிராம், எல்லாம் ஒரே வேளையில். கருப்பை வாயில் தொற்று என்று பட்டால் சாம்பல் நிறப் பொட்டலம்: அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்சிம் 400 மில்லிகிராம். எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். மனைவிக்கு நாள் தள்ளிப்போயிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மருந்து மாறும்.

பலிக்காமல் போவது எங்கே என்றால், பெரும்பாலும் ஆணின் சட்டைப் பையில். பொட்டலத்தை வாங்கி மடித்து வைத்து, அப்படியே வாய்க்கால் படித்துறையில் துணியோடு ஊறிவிடும். இருவரும் ஒரே நாளில், சாப்பிட்ட கையோடு, ஒருவர் எதிரே ஒருவர் விழுங்குங்கள். வாயில் இரும்புக் கசப்பு தட்டும், கொஞ்சம் குமட்டும், அவ்வளவுதான். அன்றும் அடுத்த இரண்டு நாளும் சாராயம் கூடவே கூடாது, வாந்தியும் படபடப்பும் வரலாம். பிறகு 7 நாள் சேரக்கூடாது. அந்த 7 நாளும் அவர் தள்ளிப் படுத்தால் கோபிக்காதீர்கள். அரிப்பும் புண்ணுமாக இருக்கும் உடம்பு, வேண்டாம் என்று அவர் சொன்னால் அது வேண்டாம்தான், மருந்து நாளானாலும் இல்லாவிட்டாலும்.

"உன்னாலதான் வந்துச்சு", "யார்கிட்டப் போன" என்ற பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். இந்தக் கிருமி மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்கும். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. பூஞ்சைக்கோ சேர்க்கையே தேவையில்லை, சர்க்கரை நோயோ ஆன்டிபயாடிக் மாத்திரையோ போதும். (அரிப்பு அடிக்கடி திரும்பினால் சர்க்கரை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.) சந்தேகத்தில் அடி வாங்குவோமோ என்ற பயத்தில்தான் எத்தனையோ பெண்கள் வாயே திறக்காமல் நடவு முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறார்கள். வீட்டில் இப்படிச் சொல்லுங்கள்: "ரெண்டு பேருக்கும்தான் மாத்திரை, சேர்ந்தே போட்டுக்குவோம்." மாமியார் காதுக்கு இது போக வேண்டியதில்லை.

நடவு வேலையின் பங்கும் உண்டு. விடிந்ததும் சேற்றில் இறங்கினால் மதியம் வரை நனைந்த பாவாடையோடு நிற்கிறார்கள். வரப்பில் ஒதுங்க மறைவு இல்லை என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துச் சிறுநீரை அடக்குகிறார்கள், நீர்க்கடுப்பு அதனால் வருகிறது. ஈரம் பூஞ்சைக்கு வசதி. கரையேறியதும் மாற்ற ஒரு பருத்திப் பாவாடையும் உள்ளாடையும் பையில் இருக்கட்டும். உள்ளாடையைச் சேலைக்கு அடியில் மறைத்துக் காயப்போடாமல் வெயிலில் போடச் சொல்லுங்கள், கொடியில் கிடப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. டெட்டால், சோப்பு, மஞ்சள் தண்ணீர் எதையும் உள்ளே விட்டுக் கழுவக்கூடாது. தயிரை உறையவைக்கும் கிருமிகளின் இனத்தைச் சேர்ந்த நல்ல கிருமிகள் அங்கே லேசான புளிப்பைக் காத்து நிற்கின்றன. கழுவக் கழுவ அவை போய்விடும், நோய் சுலபமாக வரும். வெளியே வெறும் தண்ணீர் போதும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசக் கூச்சமாக இருந்தால், மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனைகளில் சுகவாழ்வு மையம் இருக்கிறது, பால்வினைத் தொற்றுகளுக்கு என்றே அமைந்தது, கட்டணம் இல்லை. காலை ஓ.பி. நேரத்தில் போங்கள். பக்கத்தில் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்ளலாம். 2017-ல் வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவும் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. போனில் கேட்க எய்ட்ஸ் உதவி எண் 1097.

அடிவயிற்று வலியோடு காய்ச்சல், சேர்ந்த பின் ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம், இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போய்விடுங்கள். 30 வயதைத் தாண்டியவர் என்றால் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையையும் அப்போதே கேட்கச் சொல்லுங்கள், சில நிமிட வேலை.